கண்ணாடிக்கு வைத்த எண்ணெய்

எனக்குக் கோபம் வந்தால் லேசில் அடங்காது. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்று என் கணவர் சொல்வார். திறக்கட்டும். அம்மா செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடியை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

எந்தக் கண்ணாடி என்று சொல்வதற்கு முன் அம்மா என்ன செய்தாள் என்று சொல்லிவிட வேண்டும்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்துபோனால் முதலில் கூப்பிடுவது அம்மாவைத்தான். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபின் அம்மா தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். ஷிப்ட் முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, டம்ளரைக் கையில் எடுக்கும்போது வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிடும். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள். உடம்பைக் குளிப்பாட்டுவது, தலை துவட்டுவது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றித் துணி கட்டுவது, சேலை உடுத்துவது எல்லாம் அவள் கைதான்.

செத்தவளின் மகளும் மருமகளும் அழுதுகொண்டே தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள். தொட்டுத் தேய்க்க வேண்டிய நேரத்தில் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெற்றவளின் உடம்பு சில்லிட்டுக் கிடக்கும்போது எல்லாருக்கும் கை வராது. அம்மாவுக்கு வரும். படுக்கைப் புண்ணோடு செத்தவளையும் தீக்காயத்தோடு செத்தவளையும் அவள் ஒரே மாதிரிதான் குளிப்பாட்டினாள். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, ஆறிப்போன காபியைச் சுட வைத்துக் குடிப்பாள்.

தன்னைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது போகிற போக்கில் சொன்னாள்.

"நான் போனா நம்ம தெருப் பொம்பளைங்க வந்து பாத்துக்குவாளுங்க. நீ கிட்ட நின்னு தண்ணி ஊத்து. அது போதும்."

தங்கம் கேட்கவில்லை, காசிக்குப் போகக் கேட்கவில்லை. குளிப்பாட்டி அனுப்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பின்னிரவில் அம்மா இறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா அதே தெருவில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள் என்பதால் உடலை அங்கே கொண்டுபோவதாக அவன் சொன்னான். சரி, நீ வண்டியில் போ, வந்துவிடுகிறேன் என்று நான் லாஸ்பேட்டையில் என் வீட்டுக்குப் போனேன். கணவரைக் கிளப்பி, மஞ்சள், சீயக்காய், அம்மா என்னிடம் விட்டுவைத்திருந்த ஒரு பருத்திச் சேலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்புக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பேனர் அதற்குள் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஆர்டர் கொடுத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவன். ஒரு கட்சியில் தொகுதிப் பொறுப்பில் இருக்கிறான். அந்தப் பொறுப்பின் பெயர் அடிக்கடி மாறும், வெள்ளைச் சட்டை மட்டும் மாறாது. பேனரில் அவனுடைய தலைவரின் முகம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. அம்மாவின் முகம் ஒரு மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. செத்தது யார் என்று தெரியாத ஒருவன் பார்த்திருந்தால் தலைவருக்குத்தான் மாலை வாங்கிக்கொண்டு வந்திருப்பான்.

அம்மா கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தாள். கழுத்துவரை ஜரிகைச் சேலை போர்த்தி, அதன்மேல் ரோஜா மாலை போட்டு, கண்ணாடி மூடியைப் பூட்டியிருந்தார்கள். தெருப் பெண்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் வெளியே வாசலில் நின்ற அண்ணனிடம் போனேன்.

"எப்பண்ணா குளிப்பாட்டப் போறோம்?"

"தலைவரு மாலை போட வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவரு வந்துட்டுப் போவட்டும். அது வரைக்கும் பெட்டியத் தொறக்க வேணாம்."

தலைவர் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். மாலையைப் பெட்டிமேல் வைத்தார், கைகூப்பினார், போட்டோ சரியாக வரவில்லை என்று யாரோ சொன்னதும் இன்னொரு முறை கைகூப்பினார், கிளம்பினார். நான் மறுபடி வாசலுக்கு அண்ணனிடம் போய் நின்றேன்.

"இப்ப டைம் இல்ல. கேஸ் மேடையில நேரம் குடுத்துட்டாங்க. லேட்டாச்சுன்னா வேற பாடிய உள்ள அனுப்பிடுவானுங்க."

"அப்ப அம்மாவைக் குளிப்பாட்ட வேணாமா?"

"சாஸ்திரத்துக்கு மேலாலேயே செஞ்சிக்கலாம்."

மேலாலே என்றால் கண்ணாடிக்கு மேலே. எங்கள் பக்கத்தில் குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் தொட்டுச் செத்தவர் தலையில் வைப்பார்கள். அன்று அத்தனை பேரும் வரிசையாக வந்து கண்ணாடிக்கு வைத்தார்கள். கண்ணாடிக்கு நல்லெண்ணெய். கண்ணாடிக்குச் சீயக்காய். கொஞ்ச நேரத்தில் மூடி முழுக்க மெழுகியதுபோல் ஆகிவிட்டது, உள்ளே அம்மாவின் முகம் தெரியவில்லை. பிறகு ஒருவர் குடத்துத் தண்ணீரைத் தூக்கி அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் வழிந்து கீழே இருந்த ஒயருக்குப் போயிற்று. பெட்டிக்காரர் "ஷாக் அடிச்சுடப் போவுதுங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அண்ணனுடைய ஆள் ஒருவன் ஒரு பழைய பனியனை எடுத்து, கார் கண்ணாடியைத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்துவிட்டான். அதோடு என் அம்மாவின் கடைசிக் குளியல் முடிந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை, அண்ணனின் சட்டையைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. சாவு வீட்டில் ஒரு பெண்ணின் கோபத்துக்கு மரியாதையே கிடையாது. எப்படிக் கத்தினாலும் அதை ஒப்பாரிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். "பாவம், அம்மான்னா உசுரு" என்று சொல்லி இரண்டு சித்திகள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒருத்தி சோடாவை வாயில் ஊற்றினாள். நான் துக்கத்தில் கத்தவில்லை, இது அநியாயம் என்று கத்தினேன் என்பது அந்த வீட்டில் ஒரு ஆளுக்கும் ஏறவில்லை.

அண்ணன்மேல் வந்த கோபத்தைவிடச் சுவரோரம் நின்ற பெண்கள்மேல் எனக்குக் கோபம் அதிகம். அவர்களில் முன்னால் நின்றவர் சொல்தா வீட்டம்மா. அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அதனால் தெருவில் அந்தக் குடும்பத்துக்கே சொல்தா வீடு என்று பெயர். அவருடைய மாமியாரை அம்மாதான் குளிப்பாட்டினாள். கைக்குழந்தையோடு செத்துப்போன அவருடைய மகளையும் அம்மாதான் குளிப்பாட்டினாள். அவரும் கண்ணாடிக்கு எண்ணெய் வைத்தார். என்னைக் கடந்து போகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கம், இருக்கட்டும், நன்றாக வெட்கப்படட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். நான் நிற்கவில்லை. கணவரோடு ஒரு ஆட்டோ பிடித்து, அம்மாவைப் பெட்டியோடு ஏற்றிய சவ வண்டிக்குப் பின்னாலேயே போனேன். தகன மேடையில் வேலை செய்பவர்கள் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கூட வந்த ஆண்கள்தான்.

அங்கேதான் பெட்டியைத் திறந்தார்கள். உலைக்குள் மாலை, ஜரிகை, பிளாஸ்டிக் எதுவும் போகக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். ஜரிகைச் சேலையை எடுத்ததும் கீழே அம்மா ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அதே நைட்டியில் கிடந்தாள். தலைமுடி பின்னந்தலையில் சிக்காக ஒட்டிக்கிடந்தது. வாயோரத்தில் ஏதோ காய்ந்திருந்தது. கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. குனிந்து அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். முந்தானையால் அவள் வாயைத் துடைத்தேன். இன்னும் துடைப்பதற்குள் "டைம் ஆவுதும்மா" என்றார்கள். அடுத்த வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

அண்ணன் நெஞ்சில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினான். இரும்புக் கதவு மேலே ஏறியது, தட்டு உள்ளே போயிற்று, கதவு இறங்கியது. உள்ளே காற்று இரையும் சத்தம் மட்டும் கேட்டது. விறகில் எரிப்பதென்றால் வெட்டியான் இருப்பார், புகை இருக்கும், நாம் அழுவதற்குக் கொஞ்சம் அவகாசமும் இருக்கும். கேஸ் மேடையில் எல்லாம் சட்டென்று முடிந்துவிடுகிறது. அதில் தப்பில்லை, எனக்கு அந்த உலைமேல் ஒரு வருத்தமும் கிடையாது. உலைக்கு வருவதற்கு முன்னால் மனிதர்கள் செய்ய வேண்டியதை மனிதர்கள் செய்யாமல் விட்டார்களே என்பதுதான் என் ஆத்திரம். அண்ணனின் நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து, "நெருப்பு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்மா, மனசைத் தேத்திக்க" என்றார்.

"அப்ப நீங்க போனா குளிப்பாட்ட வேணாம்னு உங்க வீட்டுல சொல்லிடட்டுமா?" என்றேன். அவர் அந்தப் பக்கமே அப்புறம் வரவில்லை.

மறுநாள் எலும்பும் சாம்பலுமாக ஒரு மண்கலயத்தில் போட்டுக் கொடுத்தார்கள். கருமாதி முடிந்ததும் ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைக்கப் போகிறேன் என்று அண்ணன் அதை அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டு வந்தான். ராமேஸ்வரத்துக்குத் தலைவரும் கூட வருவதாகச் சொல்லியிருந்தாராம்.

கருமாதி அன்று சாயங்காலம் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு வைக்க ஏற்பாடாயிற்று. செத்தவர் படத்தைத் திரைபோட்டு மூடி வைத்திருந்து, ஒரு பெரிய மனிதர் திறந்து வைப்பார், நாலு பேர் பேசுவார்கள், பிறகு சாப்பாடு. படத்தை எனக்கு முன்கூட்டியே காட்டினான். அடையாள அட்டையில் இருந்த தலையை எடுத்து, யாரோ ஒரு பட்டுச்சேலைக்காரியின் உடம்பில் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் காசுமாலை. கம்மலை விற்றுவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்கக் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வேலைக்குப் போனவள் என் அம்மா.

"யாருண்ணா இது?"

"அம்மாதான். கொஞ்சம் டச்சப் பண்ணியிருக்கு."

படம் எப்படியோ போகட்டும் என்று விட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். குளிப்பாட்டவில்லை, அது போய்விட்டது. தெருவில் அத்தனை பெண்களை அவள் குளிப்பாட்டி அனுப்பினாள் என்பதையாவது மேடையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவளுக்கு என்ன நினைவுக் கூட்டம்?

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உனக்கு அறிவிருக்கா? எம் பொண்ணுக்கு இடம் பாத்துக்கிட்டு இருக்கறேன். சம்பந்தம் பேசறவங்க எல்லாம் வருவாங்க. பொணம் கழுவுன குடும்பம்னு மைக் வச்சு சொல்லணுமா?"

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பெட்டியைப் பூட்டியது தலைவருக்காக மட்டும் அல்ல. அம்மாவின் கையைப் பார்த்து அவன் வெட்கப்பட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறான். அந்தக் கை பிசைந்து போட்ட சோற்றைத் தின்றுதான் வளர்ந்தான். எழுந்து வந்துவிட்டேன்.

படத்திறப்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் திரையை விலக்கினார். பேசினார். தொகுதிக்குத் தான் கொண்டுவந்த சாலைகளைப் பற்றிப் பேசினார், குடிநீர் பற்றிப் பேசினார், இப்படிப்பட்ட ஒரு தொண்டனைப் பெற்றெடுத்த வீரத்தாய் என்று முடித்தார். பின்னால் வந்தவர்கள் தலைவரைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தெருப் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கருமாதிவரை அவர்களில் ஒருத்தியும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார்கள். நன்றியுரை என்று அண்ணன் எழுந்தபோது நான் அவனுக்கு முன்னால் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா இந்தத் தெருவுல எத்தனை பொம்பளைங்களைக் குளிப்பாட்டி அனுப்பினாங்க, உங்களுக்கே தெரியும். உங்க மாமியாரை, உங்க அம்மாவை, உங்க பொண்ணை. ஒரு நாளு மூஞ்ச சுளிச்சிருப்பாங்களா? அவங்க செத்துக் கெடந்தப்ப ஒருத்தி கேட்டீங்களா, பெட்டியத் தொறங்கடான்னு? கண்ணாடிக்கு எண்ணெய் வச்சுட்டுப் போனீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

பின்வரிசையிலிருந்து சொல்தா வீட்டம்மா எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"யாரைப் பாத்துக் கேக்கற? விடியறதுக்குள்ள வெந்நீர் வச்சு, அண்டாவோட தூக்கிக்கிட்டு நாங்க வந்து நின்னோம். உங்கண்ணன்தான் தொடக்கூடாதுன்னாரு. ஆஸ்பத்திரியிலயே எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, வெளியாளுங்க யாரும் கை வைக்க வேணாம்னு தங்கச்சி கண்டிப்பா சொல்லிடுச்சுன்னாரு. நீ சொன்னதா சொன்னாரு. வெளியாளுங்களாம். நாங்க உங்கம்மாவுக்கு வெளியாளா? அந்த ஒரு வார்த்தைய நெனச்சு நெனச்சு நான் சோறு தின்னல."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னியா?" என்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அந்த டென்ஷன்ல ஏதோ சொல்லிட்டேன். இப்ப இன்னா அதுக்கு? எறங்கு கீழ."

அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது வெட்கத்தில் இல்லை. என்மேல் இருந்த கோபத்தில். நான் அவர்களைத் திட்டிக்கொண்டு ஒரு வீட்டில் கிடந்தேன், அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு தங்கள் வீடுகளில் கிடந்தார்கள். நடுவில் இவன் நிம்மதியாகப் பேனர் கட்டிக்கொண்டிருந்தான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து போனார், அவரோடு முன்வரிசையும் எழுந்து போயிற்று. சொல்தா வீட்டம்மா மட்டும் உட்காரவில்லை.

"எலும்பு எங்க இருக்கு, தம்பி?" என்று அண்ணனைக் கேட்டார்.

"கேஸ் மேடையில வச்சிருக்கறேன். ராமேஸ்வரத்துல கரைக்கறதுக்கு."

"ராமேஸ்வரமும் வேணாம் ஒண்ணும் வேணாம். காலையில வீராம்பட்டினத்துக்குக் கொண்டா."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்வரிசை முழுக்க எழுந்து நின்றதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை வீராம்பட்டினம் கடற்கரையில் படகுகளுக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்றோம். பெண்கள் அஸ்தி கரைக்க வருவது வழக்கமில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இடித்த மஞ்சளும் சீயக்காயும் கொண்டுவந்திருந்தார்கள், ஒரு குடத்தில் வெந்நீரும் இருந்தது. அண்ணன் காரில் கலயத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு, வீடியோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கினான்.

மணலில் வாழையிலையை விரித்துக் கலயத்தைக் கவிழ்த்தார்கள். வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்ன எலும்புகள் விழுந்தன. என் அம்மா இவ்வளவுதானா என்று நினைத்தேன். சொல்தா வீட்டம்மா இலைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "அக்கா, வந்துட்டோம். நேரமாயிடுச்சு, கோவிச்சுக்காத" என்றார். மற்றவர்கள் ஒரு சேலையைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உயர்த்திப் பிடித்து எங்களைச் சுற்றி மறைத்தார்கள். பெண் உடலைக் குளிப்பாட்டும்போது அப்படித்தான் மறைப்பார்கள். அண்ணன் சேலைக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு மறைக்கறீங்க? அது வெறும் சாம்பல்தானே?"

சொல்தா வீட்டம்மா தலையைத் தூக்கினார்.

"சாம்பலா இருந்தா இன்னா? பொம்பள குளிக்கற எடத்துல உனக்கு இன்னா வேல? அந்தாண்ட திரும்பி நில்லு."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றான். சொல்தா வீட்டம்மா செம்பை வெந்நீரில் முக்கி என் கையில் கொடுத்தார். நான் ஊற்றினேன்.